எண்பத்தேழில் ஒன்று

ஜேர்மனியின் சிறு நகரங்களில் குளிர்காலம் தொடங்கினால் பாடசாலை மண்டபத்திலோ தேவாலய மண்டபத்திலோ மாதிரி ரயில் கண்காட்சி நடக்கும். மத்தியானச் சமையல் முடிந்து, பின்னேரம் றெஸ்ரோறன்ற் திறக்கும் வரையான இடைவெளியில் எங்களைப் போன்றவர்களும் போகலாம். உள்ளே சூடாக இருக்கும். சங்கத்தவர் வீட்டில் சுட்ட கேக்கும் இருக்கும்.

வருகிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்? பிள்ளைகளுக்கு ரயில் ஓட வேண்டும், தடம் புரண்டால் இன்னும் சந்தோஷம். சிலர் பழைய வண்டிகள் விற்கும் மேசைகளுக்காகவே வருகிறார்கள். சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்து, ஓட்டிக்காட்டச் சொல்லிப் பேரம் பேசுவார்கள். இவர்களோடு எங்களுக்கு வழக்கில்லை. மூன்றாவது வகையினர்தான் எங்களை யோசிக்க வைக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது உண்மையை.

ஹா-நுல் எனப்படும் அளவு 1:87. நிஜத்தில் 26.4 மீற்றர் நீளமான விரைவு வண்டிப் பெட்டி இந்தக் கணக்கில் 30 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வர வேண்டும். வீட்டு மேசையின் இறுக்கமான வளைவுகளில் திரும்புவதற்காகக் கொம்பனிகள் பல வருடங்கள் நீளத்தை மட்டும் 1:100 ஆகக் குறைத்துச் செய்தன. இவர்களுக்கு அது பொறுக்காது. நாலு சென்ரிமீற்றர் பொய்! 1960களின் எஞ்சினுக்குப் பின்னால் 1980களின் பெட்டியைக் கொழுவினாலும் அதே கோபம். காலத்தை யுகங்களாகப் பிரித்து ரோம இலக்கமிட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் யுகம் 1920இல் தொடங்கி 1945ஐத் தொட்டு முடிகிறது. அந்த மேசைகளில் திருகாணி முதல் எஞ்சினில் படிந்த கரி வரை எல்லாம் சரி. ஸ்வஸ்திகா மட்டும் இராது. அதைப் பகிரங்கமாகக் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது, நல்லது. மூடிய சரக்குப் பெட்டிகள் ஓடுகின்றன. அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் றைஸ்பான் யூதர்களைக் கிழக்கே கொண்டுபோனது. பேர்லின் குறூனவால்ட் நிலையத்தின் 17ஆம் தண்டவாளத்தில் 1998இல் திறந்த நினைவிடத்தில், 186 இரும்புத் தகடுகளில் திகதி, ஆட்தொகை, போன இடம் என்று பொறித்திருக்கிறார்கள். அதுவும் ஒரு புகையிரத அட்டவணைதான்.

விளையாட்டுக்கு ஏன் இந்தப் பாரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாற்பது வருடம் தொழிற்சாலையில் மாரடித்து ஓய்வுபெற்ற மனிதர் நிலவறையில் அமைதியான ஓர் ஊரைக் கட்டினால், அவரிடம் கொலைக்கணக்குக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் 'அப்படியே இருந்தது' என்று சொல்பவர் வேறு. நாலு சென்ரிமீற்றரைப் பொய் என்பவர் தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போடுகிறார். இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டுவந்த எங்களுக்கே விளங்கும் தர்க்கம் இது. அதற்காகப் பிளாஸ்ரிக் மனிதர்களை வரிசையாகப் பெட்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லவில்லை. கேக் தின்றுகொண்டு பார்க்கும் காட்சியா அது? இந்தப் பாதையால் யாரைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு சிறு பலகை போதும். அழகு கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.

சரி, நாங்கள் யாழ்ப்பாண நிலையத்தை 1:87இல் கட்டினால் எந்த வருடத்தைக் கட்டுவோம்? எங்கள் வயதுக்காரர் கோச்சியில் ஏறி வளர்ந்தவர்களல்லர். யாழ்தேவி 1990 ஜூனில் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. எங்களுக்குத் தெரிந்த புகையிரதம் பங்கர் கூரையில் கிடந்த தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும்தான். ஆனாலும் கேட்டால், பெரியவர்கள் சொல்லக் கேட்ட 1970களையே சொல்வோம்: மாம்பழக் கூடை, வெள்ளைச் சட்டை உத்தியோகத்தர். 1990ஐக் கட்டுவதானால் ஷெல் விழுந்த சுவரை மறக்கமாட்டோம். அதே வருடம் ஒக்டோபரில், புலிகள் முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய பிறகு, சோனகதெருவில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளை வைப்போமா?

மேசையில் இடம் காணாது என்று சொல்லிப் பார்க்கலாம். 1:87இல் ஒரு கிலோமீற்றர் பதினொன்றரை மீற்றர். மண்டபத்தில் அதற்கு இடம் இருக்கிறது.