மேற்கே மேகம் கண்டவர்கள்



மேற்கில் மேகம் எழுந்தால் மழை என்று கணிக்கத் தெரிந்த மக்களுக்கு, இந்தக் காலத்தைக் கணிக்கத் தெரியவில்லையே என்று ஆண்டவர் இன்று கடிந்துகொள்கிறார் (லூக்கா 12:54-56). கூடலூருக்கே சொன்னது போல இருக்கிறது. குமுளி மலைப்பக்கம் இருட்டினால், திராட்சைக்கு இன்று மருந்தடிக்கலாமா என்பது நமக்குத் தெரியும். பெரியாறு அணையில் இன்று எத்தனை அடி என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த உயரம் 142 அடி. ஆனால் 136 அடியைத் தொட்டதுமே முதல் எச்சரிக்கை போய்விடும்.

சர்க்கரைக்கும் அப்படித்தான். வெறும் வயிற்றில் 126, மறுபடி பார்த்தாலும் குறையவில்லை என்றால் அது நோய். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. அதைத்தான் நாம் "லேசா இருக்கு ஃபாதர்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் இப்படி லேசாக இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர்.

ஏலத்தோட்டத்துக்கு விடியும் முன்னே ஜீப் ஏறும் தாய்மார்களே, செருப்பு கழன்றது தெரியாமல் நாலு எட்டு நடந்திருக்கிறீர்களா? காலில் முள் தைத்தது, சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததா? வலிக்கவில்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ள காலில் வலிக்காததுதான் ஆபத்து. சிறுநீரகம் இன்னும் அமுக்கமானது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது பெரும்பாலும் அதன் பாதித் திறன் போயிருக்கும், போனது திரும்பாது. ஆனால் அதற்கு வெகு முன்பே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும். ஒரு சின்னப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நோயைக் கடவுளின் தண்டனை என்று பேசுகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. நாளைய நற்செய்தியைக் கேட்க அவர்கள் கட்டாயம் வரவேண்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே தீர்த்துச் சொல்கிறார். அதே பகுதியில் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்கிறார். சும்மா கேட்கவில்லை, கொத்தி எருப் போடுகிறேன் என்று பொறுப்பேற்றுக் கேட்கிறார். அந்தத் தோட்டக்காரரைப் போலவே சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்றவர்களை நடக்கவும் அளவறிந்து சாப்பிடவும் பழக்கினார்கள். மூன்று ஆண்டுகளில் நோய்க்குள் விழும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது என்று 2006-இல் எழுதினார்கள். மாத்திரை இல்லாமல் கிடைத்த பலன் அது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். ஆண்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

டயாலிசிஸுக்குப் போய்வருகிற நம் மக்களை இப்போது மன்றாட்டில் ஒப்புக்கொடுப்போம். கூடப் போக ஆள் இல்லாத வீடு எதுவென்று தெரிந்தால், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.