செத்த விலங்கோடு ஒரு படம்

மாசி சிவராத்திரி நெருங்கினால் திண்டுக்கல் வட்டாரத்தில் வனத்துறையின் எச்சரிக்கையும் கூடவே வரும்: பாரிவேட்டைக்குப் போகாதீர்கள். மலையடிவார ஊர்களில் கூட்டமாகப் போய் முயல் அடித்து, சாமிக்குப் படைத்து, பங்கு போட்டுத் தின்பது பழைய வழக்கம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். பழைய வழக்கத்தோடு இப்போது கைபேசியும் சேர்ந்துகொண்டது. அடித்த முயலையோ உடும்பையோ தூக்கிப் பிடித்து எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, வனத்துறையின் கைக்கே போய் வழக்கான சம்பவங்கள் தமிழ்நாட்டில் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில், செத்த விலங்கை மரியாதையாகப் படமெடுக்க வேட்டைக்காரர்களே பாடம் நடத்துகிறார்கள்: ரத்தத்தைத் துடை, தொங்கும் நாக்கை உள்ளே தள்ளு, உடல்மேல் ஏறி உட்காராதே. இதையெல்லாம் செய்தால் அந்த உயிருக்கு மரியாதை செய்ததாகுமா?

வள்ளுவர் புலால் மறுத்தலை ஓர் அதிகாரத்திலும் கொல்லாமையை இன்னோர் அதிகாரத்திலும் வைத்தார். தின்பதும் கொல்வதும் நெருங்கிய செயல்கள்தான். ஆனாலும் இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கேமரா வந்தபின் மூன்றாவதாக ஒரு செயல் முளைத்திருக்கிறது, காட்டுவது. பசிக்காகக் கொன்றேன் என்பவன் கொன்றதற்குக் காரணம் சொல்லிவிட்டான். ஆனால் கொன்றதைக் காட்டுவதற்குப் பசி காரணமாகாது. அதற்கு வேறு நியாயம் வேண்டும். ரத்தம் துடைத்த படத்தில் அந்த நியாயம் இல்லை. துடைப்பது பார்ப்பவர் முகம் சுளிக்காமல் இருக்கத்தான், விலங்குக்காக அல்ல. வனத்துறை மருத்துவர் உடற்கூறாய்வின்போது எடுக்கும் படத்தில் காயமும் ரத்தமும் அப்படியே இருக்கும். மின்வேலியில் சிக்கிச் செத்த காட்டுமாட்டின் படம் பார்க்கச் சகிக்காது. ஆனால் அது எப்படிச் செத்தது என்று அந்தப் படம் சொல்கிறது. அந்த விலங்குக்கு ஒரு படம் செய்யக்கூடிய உபகாரம் அவ்வளவுதான்.

நம் ஊர்க் கோயில்களில் கிடா வெட்டும் முறையைக் கவனித்தால், மரியாதை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். மாலை போட்டு, தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். சில்லென்று தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும், இதில் என்ன சம்மதம் என்று பகுத்தறிவாளர் கேட்பார். கேள்வி சரிதான். ஆனாலும், கேட்காமல் எடுக்கக்கூடாது என்ற கூச்சம் அந்தச் சடங்கில் இருக்கிறது, அதுவும் உயிர் போவதற்கு முன்னால். 2003-ல் தமிழக அரசு 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2004-ல் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டது. அந்த விவாதத்தில் இரு தரப்பும் கொல்லலாமா கூடாதா என்றே மோதிக்கொண்டன. வெட்டிய தலையோடு நின்று படம் எடுப்பதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கேமரா கைபேசி அன்று எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை.

மரியாதை உயிர் போவதற்கு முன்னால்தான் என்பதற்கு எதிராக ஜெர்மானிய வேட்டைக்காரர்களின் வழக்கத்தைக் காட்டலாம். சுட்ட மானின் வாயில் ஒரு பச்சைக் கிளையைக் கடைசிக் கவளமாக வைக்கிறார்கள். மரணத்துக்குப் பின்னும் மரியாதை செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொன்றவன் விலங்குக்கு ஏதோ கொடுக்கிறான். கண்ணப்பரும் கொடுத்தவர்தான். வேடனுக்குச் சைவத்தில் இடமில்லையா என்று கேட்போர் அவரைத்தான் முன்னிறுத்துவார்கள். இடம் உண்டு, அறுபத்து மூவரில் ஒருவராகவே உண்டு. ஆனால் பன்றியைக் கொன்றவர் நல்ல கறியை ருசிபார்த்து எடுத்து இறைவனுக்குப் படைத்தார். தன் வீரத்துக்கு அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளவில்லை. 1902-ல் வாரங்கல் பக்கம் சுட்ட புலியோடு அன்றைய வைஸ்ராய் கர்சன் பிரபுவும் அவர் மனைவியும் நிற்கும் படத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அதில் ரசக்குறைவு எதுவும் இல்லை, நேர்த்தியான படம்தான். புலிக்கு மட்டும் அதில் ஒரு வேலையும் இல்லை, அவருடைய அதிகாரத்துக்கு அளவுகோலாகக் கிடப்பதைத் தவிர.

நாமும் மனிதனையும் விலங்கையும் சேர்த்துக் கல்லில் செதுக்கியவர்கள்தானே என்றால், ஆம். கொங்குப் பக்கம் புலிகுத்திக் கற்கள் நிறைய உண்டு. அவற்றில் புலி எழுந்து பாய்கிறது, மனிதன் ஆயுதத்தோடு எதிர்த்து நிற்கிறான். பல கற்கள் அந்தச் சண்டையில் செத்த மனிதனுக்காக நட்டவை. ஊரார் நட்ட கல் அது, அவனே எடுத்துக்கொண்ட படம் அல்ல. விலங்கை வென்றவன் தன்னைத்தானே காட்டிக்கொள்வதற்கு அந்தக் கற்கள் முன்னுதாரணம் ஆகா.

கறிக்கடையில் ஆடு தொங்குகிறதே, அதைப் பார்த்துக்கொண்டே பிரியாணி தின்னும் திண்டுக்கல்காரனுக்கு இந்தக் கூச்சம் எதற்கு என்ற கேள்வி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. கடையில் தொங்குவது விற்பனைக்கு. யாரும் அதன் கழுத்தில் கைபோட்டுச் சிரிப்பதில்லை. ஆகவே என் முடிவு இது: விலங்கு எப்படிச் செத்தது என்று பதிவு செய்யும் படம் எடுக்கலாம், அதில் கொன்றவன் நிற்க வேண்டியதில்லை. அவன் நிற்கும் படத்தை எவ்வளவு பாங்காக எடுத்தாலும் அது அவனுக்கான மரியாதையே. வருகிற சிவராத்திரிக்கு அப்படி ஒரு படம் உங்கள் கைபேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.