எத்தீம் வீட்டுக் கணக்கு





எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார் தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நாம் வியாபாரிகள். கடை திறந்தது முதல் கதவடைக்கும் வரை நம் கையில் ஓடுவது கணக்கு. சரக்கு எவ்வளவு, வரவு எவ்வளவு, கைமாற்று எவ்வளவு என்று நோட்டைப் பாராமலே சொல்லிவிடுவோம். ஆனால் நம் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு தாயின் கணக்கை நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா? கணவனை மவுத்துக்குக் கொடுத்துவிட்டோ, தலாக்குப் பெற்றோ, மூன்று பிள்ளைகளோடு தனியே குடும்பம் நடத்துகிறவள் அவள். அவளுக்குச் சம்பாதிக்கும் கை ஒன்று. உண்ணும் வாய் நான்கு. நமக்கு ஒரு நாள் வியாபாரம் படுத்தால் மறுநாள் எழுந்துகொள்ளும். அவளுக்கோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த மாதமே சாய்ந்துவிடும். அந்த வீட்டு வரவு செலவைப் பற்றியும், அதில் நமக்குள்ள பொறுப்பைப் பற்றியும் இம்முறை பேசுவோம்.

சேமிப்பும் தவக்குலும்

"அல்லாஹ் படியளப்பான், எதற்கு மிச்சம் பிடிப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். அல்லாஹ் படியளக்கிறான், அதில் ஐயமில்லை. ஆனால் அளந்து தந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அவனே கற்றுத் தந்திருக்கிறான். பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கஞ்சத்தனத்தையும் தடுக்கிறான்; இருப்பதையெல்லாம் இறைத்துவிட்டுப் பின்னர் கைபிசைந்து நிற்பதையும் தடுக்கிறான். எகிப்து நாட்டில் யூசுப் நபி (அலை) அவர்கள் ஏழு ஆண்டு விளைச்சலில் உண்பதற்கு வேண்டியது போக மீதியைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பின்னால் வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் அதுவே உயிர் காத்தது. நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களும் தம் வீட்டாருக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. தவக்குலில் அவர்களைவிட உயர்ந்தவர் யார்? ஆகவே சேமிப்பது தவக்குலுக்கு விரோதமன்று.

தந்தையற்ற வீட்டைத் தாழ்வாக எண்ணுவோர்க்கும் ஒரு வார்த்தை. நாம் பின்பற்றுகிற மத்ஹபின் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்த எத்தீம். ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்த அந்தப் பிள்ளையைத் தாயார்தான் மக்காவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். ஓதிக்கொடுத்த ஆசிரியருக்குக் கூலி கொடுக்கவும் அந்த அம்மையாரிடம் காசு இல்லை. காகிதத்துக்கு வழியின்றிப் பிள்ளை எலும்பில் எழுதிப் படித்தது. அந்த ஏழைத் தாயின் பொறுமையாலும் சிக்கனத்தாலும் உம்மத்துக்கு ஓர் இமாம் கிடைத்தார். இன்று நம் கடை வாசலில் ஒரு கிலோ அரிசிக்குக் காசு எண்ணுகிற தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை நாளை யாராகும் என்று நமக்குத் தெரியுமோ?

மாதக் கணக்கு

நிற்க. கணக்குக்கு வருவோம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோ முதலிய சில்லறைப் பிடித்தமும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளி. அந்தத் தாயின் செலவை இப்படி வைத்துக்கொள்வோம்: வாடகை 500, சாப்பாட்டுச் சாமான் 450, பள்ளி வேனும் பிள்ளைகளின் கைச்செலவும் 150, மின்சாரம் தண்ணீர் தொலைபேசி 130, வேலைக்குப் போய்வர 100, மருந்து மாத்திரைக்கு 50. ஆக மொத்தம் 1,380. மிச்சம் 120.

இந்த 120 வெள்ளி மாதக் கடைசியில் மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் மிஞ்சாது. நாம் கடை வாடகையை எடுத்து வைத்துவிட்டுத்தானே சரக்குப் போடுகிறோம்! அதுபோலச் சம்பளம் வந்த அன்றே இதை எடுத்து மூன்று பங்காக்க வேண்டும்.

முதற்பங்கு 50 வெள்ளி, வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுக்கு. பள்ளி திறக்கும்போது சீருடை, சப்பாத்து, பை. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணி. இவை திடீரென்று வருவன அல்ல, தேதி தெரிந்தே வருவன. ஆயினும் பெரும்பாலோர் கடன்படுவது இவற்றுக்காகத்தான். மாதம் 50 என்றால் ஆண்டுக்கு 600 வெள்ளி ஆகிவிடும்.

இரண்டாம் பங்கு 40 வெள்ளி, நோய்க்கும் வேலையற்ற நாளுக்கும். ஆண்டுக்கு 480. இதைத் தொடவே கூடாது. தொட்டால் மறுமாதம் நிரப்பிவிட வேண்டும்.

மூன்றாம் பங்கு 30 வெள்ளி, நெடுநாளைக்கு. அதற்குத் தாபுங் ஹாஜி இருக்கிறது. முன்காலத்தில் கம்பத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து வறுமைப்பட்டார்கள். அதைக் கண்டு பேராசிரியர் உங்கு அஸீஸ் 1959-இல் முன்வைத்த யோசனையால் 1963-இல் பிறந்தது அந்தச் சேமிப்பு. வட்டியில்லாமல் சிறுகச் சிறுகச் சேர்க்க வந்த வழி அது. தாயின் பெயரில் ஹஜ்ஜு நிய்யத்தோடு சேரட்டும்.

இதற்கெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதன் கையாலேயே எழுதச் சொல்லலாம். எழுதும் பிள்ளை உம்மாவிடம் வீண் பொருள் கேட்காது.

மனைவியை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் சகோதரர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். கல்லாவும் வீடும் ஒன்றல்ல. சமையலுக்குக் கடைச் சாமான், பிள்ளைக்குக் கல்லாச் சில்லறை என்று எழுதாமல் எடுத்தால் கடையும் தேயும், வீட்டுச் செலவும் தெரியாது. மாதம் இவ்வளவு என்று தமக்கே சம்பளம் வைத்துக்கொண்டு அதற்குள் வீட்டை நடத்துவதே நலம்.

நம் தராசும் நம் நோட்டும்

சாப்பாட்டுக்கு 450 வெள்ளி என்றோமே, அது போதுவதும் போதாததும் ஒரு பகுதி நம் கையில் இருக்கிறது. கையில் காசுள்ளவர் பத்துக் கிலோ மூட்டையாக வாங்கி விலை குறைத்துக்கொள்கிறார். இல்லாதவர் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கி அதிக விலை கொடுக்கிறார். ஏழைக்கே விலை கூடுகிறது! இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து ஒரு மூட்டை கேட்டால், மூட்டை விலைக்கே பிரித்து நிறுத்துக் கொடுப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றையும் சொல்லாமலிருக்க முடியாது. ஒரு கிலோ பாக்கெட் மானிய எண்ணெய் 2 வெள்ளி 50 காசு என்று அரசாங்கம் விலை வைத்திருப்பது வீட்டு அடுப்புக்காக. அதைச் சாப்பாட்டுக் கடைக்குப் பெட்டி பெட்டியாக ஒதுக்கிவிட்டு, "எண்ணெய் இல்லை" என்று அந்தத் தாயைத் திருப்பி அனுப்புவது எவ்வகை வியாபாரம்? அவள் விலை கூடிய போத்தல் எண்ணெயை வாங்கும்போது கொடுக்கிற கூடுதல் காசு, அவள் எடுத்து வைத்த 40 வெள்ளியிலிருந்துதான் வருகிறது. அளவில் குறைப்போருக்குக் கேடு என்று எச்சரிக்கும் தனி அத்தியாயமே திருமறையில் இருப்பதை நாம் அறிவோம். அளவு குறைவது தராசில் மட்டுமன்று.

கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொல்கிறது பகரா அத்தியாயம். நம் நோட்டில் எழுதினால் மட்டும் போதாது. அவள் நோட்டிலும் அன்றே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்போம். அப்பொழுதுதான் மாதக் கடைசியில் இருவர் மனத்திலும் சந்தேகம் தங்காது. தவணைக்குக் கட்ட முடியாமல் கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் அதே அத்தியாயம்தான்.

அவசரத்துக்கு ஆலோங் வாசலை மிதித்தவர் மீண்டது அரிது. கூட்டுச் சீட்டுப் பிடிப்பதை நம்மவர் சாதாரணமாக எண்ணுகிறார்கள். மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சீட்டு நடத்தும் தொழிலைத் தடை செய்திருக்கிறது. சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் எந்தப் பத்திரத்தைக் காட்டிக் கேட்பது? நகையை வைத்துப் பணம் எடுத்தே ஆகவேண்டுமானால் வட்டிக்கடை வேண்டாம். 1992-இல் திரங்கானுவில் தொடங்கிய அர்-ரஹ்னு முறை இன்று நாடெங்கும் உண்டு. அங்கே காப்புக்கூலிதான் வாங்குகிறார்கள். அந்தக் கூலியையும் முன்கூட்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மீட்கும் தேதியை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பிள்ளைகளின் பொருள்

தகப்பன் விட்டுப்போன சொத்தில், பிள்ளைகள் இருக்குமிடத்தில் மனைவிக்குரியது எட்டில் ஒரு பங்கு. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுடையதே. எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை இட்டுக்கொள்கிறார் என்ற எச்சரிக்கையைக் கேட்டு நடுங்காத உள்ளம் உண்டோ? ஆகவே அதை வேறு நோட்டில், வேறு கணக்கில் வைக்க வேண்டும். பராமரிப்பவர் ஏழையாயிருந்தால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதையும் எழுதவேண்டும்.

வைத்த இடத்திலேயே வைத்திருந்தால் ஸகாத் அதைத் தின்றுவிடும், வியாபாரத்தில் போட்டு வளருங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக முவத்தாவில் காண்கிறோம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தம் சகோதரரின் எத்தீம் பிள்ளைகளை வளர்த்தபோது, அப்பிள்ளைகளின் பொருளை நம்பிக்கையான வியாபாரிகளிடம் கொடுத்து வளர்த்தார்கள். அதற்குரிய ஸகாத்தையும் கொடுத்து வந்தார்கள். சகோதரர்காள்! அப்படி நம்பிக் கொடுக்கத்தக்க வியாபாரி இன்று நம் தெருவில் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் நம் கல்லாவைத் தொட்டுப் பதில் சொல்லவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, நம் கடைப் பணியாளரின் பெயரைச் சேமநிதியிலும் சொக்சோவிலும் பதிந்து மாதந்தோறும் பணம் கட்டுவது. சந்தா முறையாகக் கட்டிய தொழிலாளி இறந்தால் அவர் மனைவி மக்களுக்குச் சொக்சோவில் மாதப் பென்ஷன் கிடைக்க வழியுண்டு. நாம் சில வெள்ளியை மிச்சம் பிடிக்கக் கட்டாமல் விட்டால், நாளை அந்த எத்தீம்களின் சோற்றில் கைவைத்தவர் ஆவோம்.

இரண்டாவது, நம் வீட்டுக் கணக்கை நம் மனைவிக்குச் சொல்லி வைப்பது. யாரிடம் வரவேண்டும், யாருக்குத் தரவேண்டும் என்பது நம் தலைக்குள் மட்டும் இருந்தால், நாம் கண்மூடிய மறுநாளே கடன்காரர் வருவார்கள், கொடுக்கவேண்டியவர் வரமாட்டார்கள். சேமநிதியில் நாம் எழுதும் வாரிசு, முஸ்லிம்களைப் பொறுத்தவரை, பணத்தை வாங்கி பராயிள் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே. இதையும் வீட்டில் விளக்குவோம்.

மூன்றாவது, தலாக்குச் சொன்னவர்களுக்கு. தலாக் மனைவிக்குத்தான்; பிள்ளைக்குத் தலாக் இல்லை. பிள்ளையின் சாப்பாடும் படிப்பும் தகப்பன் மீது கடமை. அந்தப் பணம் ஒன்றாம் தேதி போய்ச்சேர்ந்தால்தான் தாயால் கணக்குப் போடமுடியும். தராதவரை ஷரீஅத் நீதிமன்றத்தில் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கேட்டால் அவளைக் குறை சொல்லக்கூடாது.

நான்காவது, நம் ஸதகா. ரமலான் இருபத்தேழில் கடை வாசலில் பெண்களை வரிசையில் நிற்கவைத்து ஐந்து வெள்ளி கொடுப்பதைவிட, ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்து மாதம் 50 வெள்ளி ஓசையின்றி அனுப்பலாம். வருவது உறுதி என்று தெரிந்த 50 வெள்ளி, எப்போது வருமோ என்ற 500 வெள்ளியைவிட அவளுக்குப் பெரிது. ஸகாத்தை மாநில ஸகாத் நிலையத்தில் கட்டுகிறோம்; அங்கே அந்தத் தாயின் மனுவை எழுதிக் கொடுத்து, கூடப்போய் வரவும் நம் வீட்டுப் பெண்கள் துணைநிற்கலாம். உறவுக்காரருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் நன்மையும் உறவைப் பேணிய நன்மையும் சேரும் என்பது நபிமொழி. ஆதலால் நம் குடும்பத்துச் சகோதரியிடமிருந்தே தொடங்குவோம்.

விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என நம் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். அந்தப் பதவி நம் கடைப்பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கணக்கு முடித்து நோட்டை மூடுமுன், அவ்வீட்டுக்கு நம்மால் இன்று கூடியதா குறைந்ததா என்று ஒருகணம் பார்ப்போமாக. இவ்விதழை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

யா அல்லாஹ்! தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய் தந்தையரின் வரவில் பரக்கத் செய்வாயாக! எத்தீம்களின் பொருளிலிருந்து எங்கள் கையைக் காப்பாயாக! எங்கள் கணக்கை இவ்வுலகிலும் மறுமையிலும் இலேசாக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.