பழவேற்காட்டில் பங்கு யாருக்கு?

பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களுக்குப் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை இறக்கலாம் என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கும். இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கும் வழக்கம் உண்டு. பாடு எந்த அரசாணையிலும் பிறந்ததல்ல. மீனவர்கள் தாங்களே வகுத்துக் காத்துவரும் ஒழுங்கு.

அதன் அருமை, ஏரியின் இயல்பை அறிந்தால்தான் விளங்கும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து உவர்நீரில் வளர்கின்றன. வளர்ந்ததும் இனம் பெருக்கக் கடலுக்கே திரும்புகின்றன. அந்தக் குறுகிய வழியை ஆளாளுக்கு வலையால் அடைத்தால் இந்த ஆண்டு பிடிப்பு கூடும்; அடுத்த ஆண்டு ஏரிக்குள் வருவதற்குக் குஞ்சு இருக்காது. அதே நீரை நம்பித்தான் மடவை மீனும் நண்டும் வாழ்கின்றன. பூநாரைகளும் ஆண்டுதோறும் வந்து இரை தேடுகின்றன.

பொதுவளம் ஒவ்வொருவரின் தன்னலக் கணக்காலும் அழிந்தே தீரும் என்று 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் வாதிட்டார். மக்கள் தாமே விதி செய்து பொதுவளத்தைக் காத்திருப்பதைப் பல நாடுகளின் சான்றுகளோடு 1990-இல் அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டினார்; 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். பாடு முறை ஆஸ்ட்ரமின் பக்கம் நிற்கும் சான்று.

ஆனால் பாடு முறையில் பங்கு பெறுவோர் யார் என்று பார்த்தால் மனம் உறுத்துகிறது. வழிவழியாக அது பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் சில குப்பங்களைச் சேர்ந்த ஆண்களின் உரிமை. அதே ஏரியை நம்பி வாழும் தலித் மீனவருக்கும், நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியபோது இந்த விலக்கின் இழப்பும் கூடியது, தகராறுகளும் வந்தன. வளத்தைக் காக்கும் விதி மனிதரைப் பிறப்பால் விலக்குமானால், அதை அறம் என்று சொல்லலாமா?

விலக்கை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. எல்லை இல்லாத இடத்தில் காவலும் இல்லை என்கிறார்கள் அவர்கள். விதியை மீறுபவரைத் தடுத்துக் கேட்கும் துணிவு, இது தன் பங்கு என்ற உணர்விலிருந்தே வருகிறது. வாசலைத் திறந்துவிட்டால் வலைகள் பெருகும், ஏரியின் வளம் வற்றும், கடைசியில் எவருக்கும் எதுவும் மிஞ்சாது என்பது அவர்கள் அச்சம்.

இந்த வாதத்தில் இரண்டு எல்லைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஏரி தாங்கும் வலைகளுக்கு ஓர் எல்லை வேண்டும். அதை வகுப்பது இயற்கை. அந்த வலைகளை இறக்குவோர் இன்ன குலத்தவராகவே இருக்க வேண்டும் என்ற எல்லையை வகுத்தவர்கள் மனிதர்கள். முதலாவதைத் தளர்த்தாமலே இரண்டாவதை மாற்றலாம். வலைகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்து, நாட்களை இன்னும் பல குடும்பங்களுக்குப் பிரித்தால் இறாலுக்கு எந்தக் கேடும் இல்லை. அதனால் குறைவது இப்போதைய பங்காளிகளின் வருமானம்தான்.

அந்த இழப்பும் சிறிதல்ல. அவர்களும் செல்வர்கள் அல்லர். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும்போது கடல்நீர் வரத்து நின்று எல்லார் வலையும் ஒன்றுபோல் வெறுமையாகிறது. ஏரியைச் சுருங்கவிட்டு, இருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்ய அரசுக்கு உரிமையில்லை. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், கழிவுநீரைத் தடுப்பதும், பங்கு குறைவோருக்குக் கைகொடுப்பதும் அரசின் கடமை. ஆனால் அரசு தன் கடமையைச் செய்யும்வரை அநீதி அப்படியே தொடரட்டும் என்றும் சொல்ல முடியாது. பசித்தவரைக் காத்திருக்கச் சொல்வது, ஏற்கெனவே உண்டவருக்குத்தான் எளிது.

நீதி இல்லாத கட்டுப்பாடு வெகுநாள் நிற்காது என்பதும் இங்கே எண்ண வேண்டியது. விதியால் விலக்கப்பட்டவர் அந்த விதியைக் காக்க எந்தக் காரணமும் இல்லை. இரவோடிரவாக வலை இறக்கத்தான் அவருக்குக் காரணம் உண்டு. பங்கு பெற்றவரே காவலராவார் என்ற பழைய வாதம், உண்மையில் வாசலை அகலமாக்கச் சொல்லும் வாதம்.

ஆகவே பாடு முறையைக் கலைப்பது தவறு. இருந்தபடியே காப்பதும் தவறு. வலைக்கு எல்லை கண்டிப்பாக இருக்கட்டும். பங்குக்குத் தகுதி பிறப்பாக அல்லாமல், ஏரியை நம்பிய உழைப்பாக இருக்கட்டும். அந்தப் பங்கைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இருளருக்கும் தலித் மீனவருக்கும் பெண்களுக்கும் சம இடம் தருவதே முதலில் செய்ய வேண்டியது.