விரல் நுனியில் செங்கல் தூள்

பெயரெழுத என் பெரிய மகள் பேனாவை வாங்கியபோதுதான் பார்த்தேன். அவள் வலது கை விரல் நுனிகளில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று. அந்தச் சிவப்பு மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தம்பிக்கு ஜியோகேச்சிங் என்றால் உயிர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் சொல்வார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். செம்பாக்கம் ஏரிக்கரையில் எங்களுக்கென்றே ஒன்றை ஒளித்துவிட்டு, எண்களை எழுதிக் கொடுத்தான். இடிந்த ஒரு பழைய சுவரருகே நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். சின்னவன்தான் ஆடிக்கொண்டிருந்த ஒரு செங்கல்லை உருவி, "அம்மா, இருக்கு!" என்று கத்தினான். பெரியவள் அப்போது தள்ளிப்போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் பிறகு மெதுவாக வந்து பெயரெழுதினாள்.

சுவர் முழுக்கச் செங்கல்தானே, எதையாவது தொட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் டப்பா இருந்த அந்த மூலையில் முதலில் தேடியவள் அவள். அதற்கப்புறம் அவள் எதையுமே தேடவில்லை. டப்பாவைப் பார்த்துவிட்டு, செங்கல்லைப் பழையபடி சொருகிவிட்டு, தன் தம்பிக்காக விட்டுக்கொடுத்தாளா? இல்லை, கண்டுபிடித்த சந்தோஷத்தை யாரோடும் பங்குபோட மனமில்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டாளா?

இந்த விளையாட்டு பிறந்த கதையை எப்போதோ படித்திருக்கிறேன். அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமான ஜிபிஎஸ்ஸில், மற்றவர்களுக்குப் போகும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தார்கள். காட்டுகிற இடம் நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிப்போகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியைக் காட்டுக்குள் வைத்துவிட்டு, எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். வாளிக்குள் இருந்தவற்றில் ஒரு பீன்ஸ் டின் மட்டும்தான் எனக்கு ஞாபகத்தில் நிற்கிறது. ஒளித்தவர் ஒரு பக்கம், கண்டவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு வாளி.

பிழையை நீக்கியும் இன்றைய செல்போன் நம்மைச் சில மீட்டர் வட்டத்துக்குள்தான் கொண்டுபோய் விடுகிறது. மரத்தடியிலும் சுவரோரத்திலும் அந்த வட்டம் இன்னும் பெரிதாகும். அதற்குமேல் கண்ணும் கையும்தான். தனியாகப் போவதா, கூட்டமாகப் போவதா என்பது அந்த வட்டத்துக்குள்தான் முக்கியமாகிறது.

டப்பா பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் தனியாகவே போனேன். கரையில் நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று, "என்னம்மா தேடுறீங்க, செயின் கியின் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். பிள்ளைகளோடு போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெண் தனியாகச் சுவரிடுக்கில் கைவிட்டுத் தேடினால் இந்த ஊரில் காரணம் சொல்லியாக வேண்டும். ஆனால் அன்றைக்குத்தான் நான் ஏரியையே பார்த்தேன். நாமக்கோழிகள் தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு போயின. இந்தத் தண்ணீர் ஏரி ஏரியாகக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது நினைவுக்கு வந்தது. பெரியவள் அன்று பார்த்துக்கொண்டிருந்ததும் இதைத்தானா என்று யோசித்தேன்.

சின்ன வயதில் மதுராந்தகத்தில் பாட்டி வீட்டு வாசலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடுவோம். நீளமாகக் குவித்த மணலுக்குள் பெரியம்மா பெண்ணான அக்கா ஒரு துரும்பைக் கொண்டுபோய் ஒளிப்பாள். விரல்கள் மணலுக்குள் போவது தெரியும், எங்கே விட்டாள் என்பது தெரியாது. எங்கே இருக்கும் என்று தோன்றுகிறதோ அங்கே இரண்டு கையையும் கோத்துப் பொத்த வேண்டும். தப்பிவிட்டால், இரண்டு கையிலும் மணலை அள்ளி நடுவில் துரும்பை நட்டு, என் கண்ணைப் பொத்தி அக்கா எங்கெங்கோ சுற்றி அழைத்துப்போவாள். கொட்டிவிட்டுத் திரும்பி வந்த பிறகு அந்த இடத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும். ஜிபிஎஸ் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் தெருக்களில் இருந்த தேடல் இது. இதைத் தனியாக ஆடவே முடியாது. நான் அலையும்போது அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். இடம் தெரிந்தும் சொல்லாமல் நிற்பதில் அவளுக்கு அவ்வளவு ஆனந்தம். தேடிய எனக்கு இருந்ததைவிட அது அதிகமாகவே இருந்திருக்கும்.

கூட்டமாகத் தேடுபவர்களிடையே இரண்டு பழக்கங்கள் உண்டாம், என் தம்பி சொன்னான். ஒன்றில், யார் கண்டாலும் கத்திவிடுவார்கள். எல்லோருக்கும் கணக்கு. மற்றொன்றில், கண்டவர் வாய் திறக்காமல் தள்ளிப்போய் நின்றுகொள்வார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தாங்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். 'ஹக்கில் பக்கில் பீன்ஸ்டாக்' என்ற பழைய ஆங்கிலக் குழந்தை விளையாட்டின் பெயர்தான் அதற்கும். நாங்கள் தேடப் போனபோது இது எங்கள் யாருக்கும் தெரியாது. பெரியவளுக்கும் தெரியாது.

தெரியாமலே அவள் அதைச் செய்திருந்தால், அது பாசமா, தனிமை விருப்பமா? பதினாலு வயதில் இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் எங்கள் நடுவிலேயே அவள் தனியாக இருந்தாள். பிறகு வந்து எங்களோடு பெயரெழுதினாள். குடும்பமாகப் போகிறோம் என்று நாம் சொல்வதற்குள் இப்படி எத்தனை தனித்தனித் தேடல்கள் இருக்கின்றனவோ.

அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும், அதோடு அவளுக்கென்று இருந்தது போய்விடும். தனியாகத் தேடுவது மேலா, சேர்ந்து தேடுவது மேலா என்பதற்கு என்னிடம் முடிவில்லை. பிள்ளைகளோடு தேடக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். முதலில் கண்டால் உடனே கத்தாதீர்கள். கண்டுவிட்டுச் சொல்லாமல் நிற்கிற பிள்ளையை, ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.