வாங்கும் கையின் சம்மதம்

வீட்டுச் செலவுப் பணத்தைக் கைநீட்டி வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும்: பணம் தனியாக வருவதில்லை. எதற்கு, ஏன், இவ்வளவா என்ற கேள்விகளும் கூடவே வரும். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் முடிவெடுக்கும் உரிமை அவரிடமே தங்கிவிடுகிறது. ஒரு நகரத்தின் பள்ளிகளுக்கும் இது நேர்ந்தது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க், கறுப்பின, லத்தீன் அமெரிக்க மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். 2010 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் அந்நகரப் பொதுப்பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் அறிவித்தார். இன்னொரு 10 கோடியைப் பிறரிடம் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அருகில் மேயர் கோரி புக்கரும் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும். மூன்று ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள். ஊரை யாரும் கேட்கவில்லை.

அப்பள்ளிகளின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர். ஐந்தாண்டுக்கான கொடையைப் பிரித்தால் அதில் நூற்றுக்கு நான்கு. ஆனால் எந்தப் பள்ளியை மூடுவது, எந்த ஆசிரியருக்கு ஊக்கத்தொகை என்ற பேச்சை வழிநடத்தியது அந்த நான்குதான். ஆலோசகர்களுக்கே 2 கோடி டாலருக்கு மேல் போனதாகப் பத்திரிகையாளர் டேல் ருஸ்ஸகோஃப் தம் நூலில் பதிவு செய்கிறார்.

அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூவர் பெண்கள். அழும் பிள்ளையின் அருகே ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்த அரைமணி நேரம் எந்த மதிப்பீட்டுத் தாளில் ஏறும்? அளக்க முடிந்ததற்கே பணம் என்றால், அளக்க முடியாத உழைப்பு மறுபடியும் இலவசமாகிறது.

பெண் தலைமை வந்தால் போதும் என்போரும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். 2011இல் கண்காணிப்பாளராக வந்த கேமி ஆண்டர்சன் ஒரு பெண். 1995 முதல் அப்பள்ளிகள் மாநிலத்தின் பிடியில் இருந்ததால், அவர் பதில் சொல்ல வேண்டியது ஆளுநருக்கு, தாய்மார்களுக்கு அல்ல. ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிக்கப்பட்டபோது, காலையில் யாரை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கணக்கு தாய்மார்களின் தலையில் விழுந்தது. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். 2015 பிப்ரவரியில் மாணவர்கள் அவருடைய அலுவலகத்திலேயே இரவுகளைக் கழித்துப் போராடினார்கள். அதே ஆண்டு அவர் விலகினார்.

பயனே இல்லையா? இருந்தது. ஆங்கிலக் கற்றலில் முன்னேற்றம் தெரிந்ததாகவும், கணிதத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை என்றும் ஹார்வர்ட் ஆய்வு ஒன்று 2017இல் கூறியது. நல்லது நடந்தால் போதாதா என்று கேட்கலாம். நம் நன்மைக்காகவே நம்மைக் கேட்காமல் முடிவெடுத்தவர்களை நாம் அறிவோம். சில நேரம் அவர்கள் முடிவு சரியாகவும் இருந்திருக்கிறது. அதனால் கேட்காமல் விட்டது சரியாகிவிடாது.

பள்ளி ஒரு குழந்தையின் உரிமை. உரிமையைப் பரிசாக வாங்கும்போது நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றி சொல்லும் வாய்க்குக் கேள்வி கேட்பது கடினம். எனவே கொடை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கொடுப்பவர் வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். கரும்பலகை அங்கே பாடம் நடத்துபவர்களிடமும் படிப்பவர்களிடமும் இருக்கட்டும்.