கைத்தொலைபேசியும் கடைக்காரரின் அமானிதமும்



திருக்குர்ஆனிலே மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகை என்பார் சிலர், நோன்பு என்பார் சிலர். அது கடனைப் பற்றியது. பகரா சூராவின் 282-வது ஆயத்து. தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நியாயம் தவறாது எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதென்று எழுதச் சலிப்படையலாகாது என்று வல்ல நாயன் வியாபாரிக்கு அத்தனை விரிவாகக் கற்றுத் தருகிறான். பேரேடு வைத்துப் பிழைக்கும் நமக்கு இது பெருமைக்குரிய விஷயமே. பெருமைப்படுவதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.

இந்த ஆயத்தை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்தில் நடந்த ஒன்றைச் சற்று கவனிப்போம். அதில் வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியது நிறைய இருக்கிறது.

நைரோபி நகரில் கூலி வேலை செய்பவன் கிராமத்திலுள்ள தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், முன்னெல்லாம் பேருந்து ஓட்டியிடம் உறையில் போட்டுக் கொடுப்பான்; அல்லது ஊருக்குப் போகும் தெரிந்தவரைத் தேடுவான். போய்ச் சேர்ந்தால் அல்ஹம்துலில்லாஹ். சேராவிட்டால் யாரிடம் முறையிடுவது? வங்கிகள் பட்டணத்தில் இருந்தன. அவற்றின் படியேற ஏழைக்குத் துணிவில்லை. நம் பாட்டனார்களும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்ததை ஊருக்குப் போகும் கப்பல் பிரயாணிகளிடம் கொடுத்தனுப்பியவர்கள்தாமே! ஆகவே அந்தக் கூலியாளின் கவலை நமக்குப் புதிதன்று.

2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அத்தேசத்தின் சஃபாரிக்காம் கம்பெனி எம்-பெசா என்ற ஏற்பாட்டைத் தொடங்கிற்று. சுவாஹிலி மொழியில் பெசா என்றால் பணம். நம் பைசாவுக்கு உறவான சொல். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை. பொத்தான் வைத்த சாதாரணக் கைத்தொலைபேசி போதும். வங்கிக்குப் பதிலாக முன்நின்றது யார் தெரியுமா? தெருமுனைக் கடைக்காரர்! சோப்பும் சீனியும் விற்கும் அதே கடையில், வாடிக்கையாளர் ரொக்கத்தைக் கொடுக்கிறார். கடைக்காரர் தம் கைத்தொலைபேசிக் கணக்கில் முன்கூட்டியே வாங்கி வைத்துள்ள இருப்பிலிருந்து அதே தொகையை அவர் கணக்குக்கு மாற்றுகிறார். அவர் அதைத் தாய்க்கு அனுப்ப, தாய் தன் ஊர்க் கடையில் ரொக்கமாகப் பெறுகிறாள். கடைக்காரருக்கு ஒரு சிறு தரகு. கையில் ரொக்கமும் வேண்டும், கணக்கில் இருப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று தீர்ந்தாலும் அன்றைய வேலை நின்றுவிடும். நாணய மாற்று வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் அந்த ஆயத்து நம் நினைவுக்கு வருகிறது. பணம் கைமாறியதும் அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் தொகை, தேதி, நேரம் யாவும் குறித்த குறுஞ்செய்தி ஒன்று வருகிறது. கணக்கு என்றால் பெரிய மனிதர் வீட்டுச் சமாசாரம் என்று இருந்த ஏழையின் கையில் எழுத்து வந்துவிட்டது. ‘நான் கொடுத்தேன்’, ‘நீ கொடுக்கவில்லை’ என்ற வழக்குக்கு இனி இடமேது?

இதன் பலனை தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2014-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, நோயோ வேலையிழப்போ பயிர்ச்சேதமோ வந்தபோது, இவ்வசதி இல்லாத குடும்பங்களின் செலவு 7 சதவீதம் சுருங்கியது. வசதி பெற்ற குடும்பங்களில் அப்படிச் சுருங்கவில்லை. காரணம் எளிது: தூரத்து அண்ணனும் மாமனும் அன்றைக்கே உதவ முடிந்தது. உறவைச் சேர்ந்து வாழுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய காரியத்துக்கு ஒரு கருவி துணை செய்ததென்றால் அது சிறிய காரியமா? 2016-இல் அவர்கள் மேலும் கணித்தது, சுமார் 1,94,000 குடும்பங்கள் இதனால் வறுமையிலிருந்து மீண்டன என்பது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு நன்மை அதிகம். விவசாயக் கூலியை விட்டுச் சிறு வியாபாரத்தில் இறங்கிய பெண்கள் பலர்.

ஆனால், சகோதரர்களே, அதே பாதையில் வேறொன்றும் வந்தது.

2012 நவம்பரில் அக்கம்பெனியும் ஒரு வங்கியும் சேர்ந்து எம்-ஷ்வாரி என்ற கடன் திட்டத்தைக் கொண்டுவந்தன. பொத்தானை அமுக்கினால் கடன் கணக்கில் விழும். முப்பது நாளில் திருப்ப வேண்டும். தொடங்கியபோது 100 ஷில்லிங்குக்கு ஏழரை ஷில்லிங் ‘ஏற்பாட்டுக் கட்டணம்’. வட்டி என்ற சொல்லே அதில் கிடையாது! ஒருவர் பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்ப்பிக்கக் கூலி வாங்குவது உழைப்பின் கூலி, அதில் குற்றமில்லை. கடன் தொகைக்கு ஏற்பக் கட்டணமும் ஏறி, மாதம் கடந்தால் மறுபடியும் விதிக்கப்படுமானால் அதற்கு என்ன பெயர்? மாதம் ஏழரை என்பது பன்னிரண்டு மாதத்தில் தொண்ணூறு. நம் ஊர்களில் கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். இங்கே அவர் சட்டைப் பைக்குள்ளேயே குடியேறிவிட்டார்.

அதன் பின் கிளைத்த சில கடன் கம்பெனிகளின் செயல் இதைவிடக் கொடிது. தவணை தவறியவரின் கைத்தொலைபேசியில் உள்ள பெயர்களையெல்லாம் எடுத்து, உறவினரையும் முதலாளியையும் அழைத்து அவர் மானத்தை வாங்கின. 2022-இல் கென்ய மத்திய வங்கி விதி வகுத்து இதைத் தடுக்க வேண்டியதாயிற்று. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் கட்டளை, நாம் முதலில் சொன்ன ஆயத்துக்கு இரண்டு ஆயத்துக்கு முன்னேயே இருக்கிறது. எழுதச் சொன்னவன் பொறுக்கவும் சொன்னான். நம் கடைப் பற்றுப் புத்தகங்களில் முதல் கட்டளை நிறைவேறிய அளவுக்கு இரண்டாவது நிறைவேறியிருக்கிறதா?

பந்தாட்டப் பந்தயச் சூதும் அதே பாதையில்தான் வந்தது. தாய்க்கு அனுப்ப வைத்திருந்த காசை இளைஞர்கள் அரை நிமிஷத்தில் தோற்றார்கள். 2019-இல் அந்நாட்டரசு பல பந்தயக் கம்பெனிகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கடைகளுக்கும் ஞாயிறுதோறும் தொழிலாளர்கள் வருகிறார்கள்: தமிழ்நாட்டார், வங்காளதேசத்தார். எழுத்து வாசனை குறைந்தவர் சிலர் தம் கைத்தொலைபேசியை நம் சிப்பந்தியிடம் நீட்டி, இரகசிய எண்ணையும் வாயாலேயே சொல்லி, “நீங்களே பார்த்து அனுப்புங்கள் பாய்” என்கிறார்கள். அந்த நொடியில் அவருடைய ஒரு மாதச் சம்பளம் நம் கையில் அமானிதம். நாயகம் (ஸல்) அவர்களை மக்கா நகர மக்கள் நபித்துவத்துக்கு முன்பே அல்-அமீன் என்றழைத்தார்கள். அவரைப் பகைத்தவர்களும் தம் பொருளை அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள். ஹிஜ்ரத்துப் புறப்பட்டபோதும் அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே சென்றார்கள்.

ஆகவே நம் கடைகளில் இவ்வழக்கத்தை வைத்துக்கொள்வோம். கட்டணம் எவ்வளவு, மாற்று விகிதம் எவ்வளவு என்பதை அவர் மொழியில் எழுதிக் கண்ணில் படும்படி மாட்டுவோம். பணம் வாங்குமுன் வாயாலும் சொல்லுவோம். படிக்கத் தெரியாதவருக்கு வந்த குறுஞ்செய்தியைச் சிப்பந்தி உரக்கப் படித்துக் காட்டட்டும். இரகசிய எண்ணை மட்டும் அவரே தம் விரலால் அமுக்கட்டும். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், அவர் அமுக்கி முடிக்கும்வரை நம் சிப்பந்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கட்டும்.